சுமை தாங்கிய மடி

1886-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள். தொண்டைப் புற்றுநோயால் காசிப்பூர் தோட்ட வீட்டில் படுத்திருந்த ஸ்ரீராமகிருஷ்ணர் அன்று பிற்பகலில் சற்றுத் தெம்பாக உணர்ந்து, மாடியிலிருந்து இறங்கித் தோட்டத்திற்கு வந்தார். விடுமுறை நாளாதலால் இல்லறச் சீடர்கள் பலர் அங்கே கூடியிருந்தனர். அவர்களைக் கண்டதும் குருதேவர் பரவச நிலை எய்தினார். அனைவருக்கும் ஆன்மிக விழிப்பு உண்டாகுமாறு ஆசி கூறி, ஒருவர் பின் ஒருவராகத் தொட்டருளினார். கல்பதரு தினமாக இன்றும் கொண்டாடப்படுகின்ற அந்த நாளில், தோட்டமெங்கும் அழுகையும் ஆனந்தக் கூக்குரலும் எழுந்தன.

மாடியில் இரண்டு இளைஞர்கள் இருந்தனர். ஒருவர் லாட்டு, மற்றவர் சரத். நோயாளி அறையை விட்டு வெளியே சென்றது நெடுநாளைக்குப் பின் கிடைத்த வாய்ப்பு. அறையைப் பெருக்கித் துடைத்து, படுக்கையையும் விரிப்புகளையும் வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தனர். கீழே எழுந்த ஆரவாரம் அவர்களுக்கும் கேட்டது. இறங்கிச் சென்றால் வேலை பாதியில் நிற்கும். குருதேவர் திரும்பி வரும்போது படுக்கை ஆயத்தமாக இராது. அவர்கள் இறங்கிச் செல்லவில்லை.

பின்னாளில் இதைப் பற்றிக் கேட்டவர்களிடம், போக வேண்டுமென்ற எண்ணமே தமக்குத் தோன்றவில்லை என்றும், குருதேவர் தமக்கு உரியவர், வேண்டியதை அவரே தருவார் என்றும் சரத் விளக்கினார். நிறைந்த உள்ளத்தின் பதில் அது. ஆயினும் இத்தகைய இயல்பினரிடம் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பிறருக்குத் துணை நிற்பதிலேயே மகிழ்வோர், தமக்கு அதற்கு மேல் எதுவும் இயலாது என்ற முடிவிற்கும் மெல்ல மெல்ல வந்துவிடுகின்றனர். இது போதும் என்ற நிறைவும், என்னால் ஆகாது என்ற தயக்கமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும்; பல நேரங்களில் உரியவருக்கே வேறுபாடு தெரிவதில்லை. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒவ்வோர் அமைப்பிலும் இப்படிப்பட்டவர் ஒருவராவது இருப்பார். காரியங்கள் நடப்பதே அவரால்தான். அவரோ தம்மைக் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை. சுவாமி சாரதானந்தர் என்று பின்னாளில் உலகம் அறிந்த சரத், அந்த எல்லையை எவ்வாறு கடந்தார் என்பது அறியத்தக்கது.

மந்தமாகத் தோன்றிய சிறுவன்

சரத் சந்திர சக்கரவர்த்தி 1865 டிசம்பர் 23 அன்று கல்கத்தாவின் ஆம்ஹர்ஸ்ட் தெருவில் வசதியான அந்தணர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை கிரீஷ் சந்திரர். தாய் நீலமணி தேவி. சனிக்கிழமை மாலையில் பிறந்ததால் வீட்டார் கவலையுற்றனர். ஜோதிடம் அறிந்த உறவினர் ஒருவர், குழந்தையால் குலமே பெருமை பெறும் என்று கூறிய பின்னரே அமைதியடைந்தனர். குழந்தை வளர வளர வேறொரு கவலை. அழுவதில்லை, அடம் பிடிப்பதில்லை, சண்டையிடுவதில்லை. அந்த அமைதியைப் பார்த்தவர்கள் அறிவு மந்தம் என்றே எண்ணினர். பள்ளியில் சேர்ந்து தேர்வுகளில் சிறந்து, விவாதக் கூட்டங்களிலும் பெயர் பெற்ற பிறகே அந்த எண்ணம் மாறியது.

அண்டை வீடொன்றில் பணிபுரிந்த பெண்ணுக்குக் காலரா கண்டது. வீட்டுக்காரர் அவளை மொட்டை மாடியின் ஒரு மூலையில் கிடத்திவிட்டு ஒதுங்கிக்கொண்டார். செய்தி அறிந்த சரத் அங்கே சென்று, தன்னந்தனியாக அவளுக்குப் பணிவிடை செய்தார். அவள் இறந்தபோது ஈமச் சடங்கிற்கும் அவரே ஏற்பாடு செய்தார். தொற்றுநோய்க்கு அஞ்சாத இச்சிறுவனின் துணிச்சல் கூச்சலற்ற துணிச்சல். அதனால் அது துணிச்சலாகவே எவருக்கும் தோன்றவில்லை.

1882-இல் செயின்ட் சேவியர் கல்லூரியில் சேர்ந்த அவர், மறு ஆண்டு அக்டோபரில், சசி என்ற தம் ஒன்றுவிட்ட சகோதரருடன் தட்சிணேசுவரம் சென்று ஸ்ரீராமகிருஷ்ணரைத் தரிசித்தார். அந்தச் சசியே பின்னாளில் சுவாமி ராமகிருஷ்ணானந்தராகி, 1897-இல் சென்னைக்கு வந்து தென்னாட்டில் மடத்தை நிறுவியவர். சகோதரர்கள் இருவரும் ஒரே வார்ப்பு, சேவையே மூச்சு.

தட்சிணேசுவரத்தில் ஒருநாள் ஒரு விசித்திர நிகழ்ச்சி நடந்தது. குருதேவர் திடீரென்று வந்து சரத்தின் மடியில் அமர்ந்தார். சற்று நேரத்தில் எழுந்துவிட்டார். கூடியிருந்தோர் வியந்து காரணம் கேட்டபோது, இவனால் எவ்வளவு சுமை தாங்க முடியும் என்று பார்த்ததாகக் கூறினார். ஊர்ப்புறச் சாலையோரங்களில், தலைச்சுமையுடன் வருவோர் இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கென்று சுமைதாங்கிக் கற்களை நட்டு வைப்பார்கள். அந்தக் கல்லை நடுபவர்கள் முதலில் அதன் உறுதியைத்தானே பார்ப்பார்கள்!

இன்னொரு நிகழ்ச்சி இதைவிட நுட்பமானது. எல்லாப் பெண்களிடமும் அன்னை பார்வதியையே கண்ட விநாயகரின் கதையைக் குருதேவர் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தார். அது சரத்தின் நெஞ்சில் தைத்தது. விநாயகரே தமது லட்சியம் என்று தெரிவித்தார். அன்னை சொன்னபடி வாசலில் காவல் நிற்கும் பிள்ளை. சரத்தின் இயல்புக்கு அதைவிடப் பொருத்தமான தெய்வம் ஏது? ஆனால் குருதேவர் ஏற்கவில்லை. விநாயகர் அல்ல, சிவனே உன் லட்சியம் என்று திருத்தி, தன்னைச் சிவனாகவும் குருவைச் சக்தியாகவும் எண்ணிக்கொள்ளுமாறு பணித்தார். சீடர் தமக்கென்று தேர்ந்துகொண்ட இடத்தைக் குரு சிறிதென்று கருதினார்.

அகத்தைப் பொறுத்தவரை சரத் ஒருபோதும் சிறியதை விரும்பியவர் அல்லர். கடவுளை எவ்வாறு காண விரும்புகிறாய் என்று குருதேவர் கேட்டபோது, ஏதேனும் ஒரு தெய்வ வடிவைத் தியானத்தில் காண்பதில் தமக்கு நாட்டமில்லை, எல்லா உயிர்களிடமும் இறைவனைக் காண வேண்டும் என்றார். அது கடைசிப் படியாயிற்றே என்று குருதேவர் சொன்ன பிறகும், அதற்குக் குறைந்த எதிலும் தம் மனம் அமைதியடையாது என்றே பதிலளித்தார். ஆன்மிக வேட்கையில் உச்சியைத் தொட நினைத்தவர், புறவாழ்வில் கடைசி வரிசையைத் தேடினார். இந்த முரண்பாடு அவரிடம் நெடுங்காலம் இருந்தது.

மேடையில் ஏறிய மௌனி

1885-இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த சரத், குருதேவரின் நோய் முற்றியதும் படிப்பைத் துறந்து பணிவிடையில் இறங்கினார். 1886 ஆகஸ்ட் 16-இல் குருதேவர் மகாசமாதி அடைந்த பின், பாராநகர் மடத்தில் துறவு ஏற்று சாரதானந்தர் ஆனார். பிறகு பல ஆண்டுகள் புரி, காசி, ரிஷிகேசம், கேதாரம், பத்ரி என்று யாத்திரையில் கழிந்தன. கேதாரப் பாதையின் செங்குத்தான இறக்கத்தில் ஊன்றுகோல் இல்லாமல் தவித்த மூதாட்டி ஒருத்திக்குத் தம் கோலைத் தந்துவிட்டு, வெறுங்கையுடன் அவர் இறங்கிய செய்தி மடத்து மரபில் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

மேலை நாட்டில் வேதாந்தப் பணியைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்த சுவாமி விவேகானந்தர் உதவிக்கு ஒருவரை அழைத்தபோது, அந்தப் பொறுப்பு சாரதானந்தரிடம் வந்தது. பத்தாண்டுகளாக மடத்திலும் மலைப்பாதைகளிலும் வாழ்ந்த துறவி. பேசுவதைவிடக் கேட்பதே அவர் வழக்கம். அவர் நிற்க வேண்டியதோ ஆங்கிலேய அவையின் முன். அதுவும் சுவாமிஜியின் சொற்பொழிவைக் கேட்டுப் பழகிய அவை! தயக்கம் இல்லாமல் இருந்திருக்க முடியாது. ஆயினும் 1896-இல் கப்பலேறினார். மத்தியதரைக் கடலில் கடும்புயல் கப்பலை அலைக்கழித்து, பயணிகள் அலறியபோது அவர் அசையாமல் அமர்ந்திருந்தார். சரத்தின் ரத்தம் மீனின் ரத்தம், எதற்கும் சூடேறாது என்று சுவாமிஜி கேலி செய்வதுண்டு.

லண்டனில் சில சொற்பொழிவுகள் செய்த அவரை, அதே ஆண்டுக் கோடையில் சுவாமிஜி அமெரிக்காவுக்கு அனுப்பினார். அருகே துணைக்கு எவரும் இல்லை. அதுவே நன்மையாயிற்று. தாம் சாய்ந்து நிற்கத் தூண் இல்லாதபோதே இத்தகையோர் தாமே தூண் என்பதை அறிகின்றனர். கிரீன் ஏக்கர் மாநாட்டில் வேதாந்தம் பற்றிப் பேசினார். பாஸ்டன், புரூக்ளின், நியூயார்க் ஆகிய நகரங்களில் வகுப்புகள் நடத்தினார். சுவாமிஜியின் இடிமுழக்கத்தை அவர் பின்பற்ற முயலவில்லை. நிதானமாக, தெளிவாக, கேட்பவரின் ஐயத்தை முழுவதும் கேட்டுவிட்டுப் பதில் சொல்கின்ற தம் இயல்பையே மேடைக்கும் கொண்டு சென்றார். மக்கள் அதை விரும்பினர்.

1898 தொடக்கத்தில் சுவாமிஜி அவரைத் திரும்ப அழைத்து, மடம் மற்றும் மிஷனின் செயலர் பொறுப்பை ஒப்படைத்தார். பேலூர் மடம் உருப்பெற்றுக்கொண்டிருந்த காலம் அது. அப்போது ஏற்ற பொறுப்பை 1927-இல் உடலை விடும் வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், அவர் சுமந்தார். சுவாமிஜி 1902-இல் மறைந்தார். 1901 முதல் தலைவராக இருந்த சுவாமி பிரம்மானந்தர் ஆன்மிக மையம். கடிதம், கணக்கு, வழக்கு, நிவாரணம், புதிய துறவிகளின் பயிற்சி ஆகியவை செயலருடையவை.

கடனும் காவியமும்

தூய அன்னை ஸ்ரீசாரதாதேவி கல்கத்தா வரும்போதெல்லாம் வாடகை வீடுகளிலோ பக்தர் இல்லங்களிலோ தங்க நேர்ந்தது. இது சாரதானந்தரின் மனத்தை வருத்தியது. வங்காள மாத இதழான உத்போதனுக்கும் சொந்த இடம் தேவைப்பட்டது. பக்தர் ஒருவர் பாக்பஜாரில் சிறு மனை ஒன்றை அளித்தார். அதில் வீடு கட்டுவதற்குக் கையிருப்புப் போதவில்லை. சாரதானந்தர் சுமார் 11,000 ரூபாய் கடனாகப் பெற்றார். பலரும் இதை விவேகமற்ற செயலாகக் கருதினர். காசைக் கையால் தொடத் தயங்கும் துறவி, அன்னைக்காகக் கடனாளியானார். 1909 மே 23 அன்று அன்னை அவ்வீட்டில் அடியெடுத்து வைத்தார்.

கடனை அடைக்க வேண்டுமே! அதற்காகவே அவர் பேனாவை எடுத்தார். குருதேவரின் வாழ்க்கையைப் பற்றி அரைகுறைச் செய்திகளும் தவறான கருத்துகளும் பரவி வந்ததும் ஒரு காரணம். இவ்வாறு உத்போதன் இதழில் 1909 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தொடராக வெளிவந்ததே, ஐந்து பாகங்கள் கொண்ட ஸ்ரீராமகிருஷ்ண லீலாபிரசங்கம். குருதேவரின் வரலாற்றை அறிய விழைவோர் இன்றும் முதலில் நாடுகின்ற ஆதார நூல் அது. பெருங்காவியம் படைக்கப் போவதாக எண்ணியிருந்தால் அவர் தொடங்கியே இருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. கடன் தீர்க்க எழுதுகிறோம், அன்னையின் வீட்டிற்காக எழுதுகிறோம் என்ற எண்ணத்தில் எழுத்தாளர் என்ற அச்சத்திற்கு இடமில்லாமல் போயிற்று.

எழுதிய இடத்தையும் சொல்ல வேண்டும். வீட்டு வாசலை அடுத்த மிகச் சிறிய அறை. தரையில் சப்பணமிட்டு, தாழ்ந்த சாய்மேசையின் முன் அமர்ந்து எழுதுவார். மாடியில் அன்னையின் உறவினர் கூச்சல். கீழே இதழ் அலுவலகம். வருவோர் போவோர் கேள்விகள். நடுவே மடத்துக் கடிதங்கள். அன்னையின் சகோதரர்களிடையே சொத்துத் தகராறு மூண்டபோது, ஜயராம்பாடி சென்று பொறுமையாகப் பாகப்பிரிவினை செய்து கொடுத்தவரும் இவரே. இவ்வளவிற்கும் இடையில் ஒவ்வொரு செய்தியையும் உரியவரிடம் கேட்டுச் சரிபார்த்து, சாஸ்திரக் கருத்துகளுடன் இணைத்து எழுதினார். நூல் முழுவதிலும் தம்மைப் பின்னாலேயே நிறுத்திக்கொண்டார்.

அந்த அறையில் அமர்ந்தபடி அவர் தம்மை அன்னையின் வாசற்காவலன் என்று சொல்லிக்கொள்வார். இளமையில் தேர்ந்த விநாயகர் பதவி இறுதியில் கிடைத்தேவிட்டது! ஆனால் இப்போது அந்த வாசலில் அமர்ந்திருந்தவர் தம்மால் ஆகாது என்று ஒதுங்கியவர் அல்லர். மேலை நாட்டு மேடைகளைக் கண்டவர், ஓர் அகில இந்திய இயக்கத்தை நடத்திக்கொண்டிருந்தவர். அன்னையும் தம் சுமையைத் தாங்க வல்லவன் சரத் ஒருவனே என்று கூறுவார். பல தலைகளால் தம்மைக் காக்கும் வாசுகி என்றும் வர்ணித்தார்.

ஒரு நண்பகலில் பக்தர் ஒருவர் வெயிலில் நடந்து வந்து அன்னையைத் தரிசிக்க வேண்டினார். அன்னை அப்போதுதான் வெளியே சென்று களைத்துத் திரும்பியிருந்தார். மேலே அனுப்ப சாரதானந்தர் மறுத்தார். வந்தவர் ஆவல் மிகுதியில், பருத்த உடல்வாகு கொண்ட சுவாமியையே தள்ளிவிட்டு மாடியேறிவிட்டார். தரிசனம் முடிந்து இறங்கும்போதுதான் செய்த பிழை உறைத்தது. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார். சாரதானந்தர் அவரைத் தழுவிக்கொண்டு, இப்படிப்பட்ட ஏக்கம் இல்லாமல் அன்னையின் தரிசனம் கிடைக்குமா என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

இத்தகைய மென்மையானவரால் உறுதியாக எதிர்த்து நிற்க முடியுமா? அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் சிக்கி விடுதலையான தேவவிரத வசு, சசீந்திரநாத் சேன் ஆகிய இருவரும் 1909-இல் துறவியராக விரும்பி வந்தனர். அவர்களைச் சேர்த்தால் காவல்துறையின் சந்தேகம் மடத்தின் மீது விழும். சாரதானந்தர் அவர்களுக்குப் பொறுப்பேற்று, உயர் அதிகாரிகளை நேரில் சந்தித்து, அவர்களைச் சேர்த்துக்கொண்டார். 1916 டிசம்பரில் வங்காள ஆளுநர் கார்மைக்கேல் பிரபு, புரட்சியாளர்கள் மிஷனின் பெயரைப் பயன்படுத்திக்கொள்வதாகத் தர்பாரில் பேசினார். மிஷனோடு தொடர்பு வைத்துக்கொள்ளவே மக்கள் அஞ்சினர். அவ்விளைஞர்களை வெளியேற்றினால் தொல்லை தீரும் என்ற பேச்சும் எழுந்தது. அவர் இசையவில்லை, அன்னையின் திருவுள்ளமும் அதுவே. விரிவான விளக்க மனு ஒன்றைத் தயாரித்து அரசுக்கு அளித்து, அதிகாரிகளைச் சந்தித்து வாதிட்டார். 1917 மார்ச்சில் ஆளுநர் தம் பேச்சு மிஷனின் நற்பணியைக் குறை கூறும் நோக்குடையது அன்று என்று எழுத்து மூலம் தெளிவுபடுத்தினார். தமக்காக எவரிடமும் குரல் உயர்த்தாதவர், அடைக்கலம் புகுந்தவர்களுக்காக அரசின் முன் நின்றார். இது முரண் அன்று. இத்தகையோரின் வலிமை பெரும்பாலும் இந்த வழியில்தான் வெளிப்படுகிறது.

நின்றுபோன எழுத்து

1920 ஜூலை 21 அன்று அன்னை மறைந்தார். 1922-இல் பிரம்மானந்தரும், தொடர்ந்து துரியானந்தரும் மறைந்தனர். லீலாபிரசங்கம் முற்றுப்பெறவில்லை. அதன் இறுதிப் பகுதி காசிப்பூரில், கல்பதரு நாளை ஒட்டி நின்றுவிடுகிறது. குருதேவரின் கடைசி மாதங்களும் மகாசமாதியும் எழுதப்படவில்லை. எத்தனையோ பேர் வற்புறுத்தினர். உள்ளிருந்து உந்துதல் எழவில்லை என்ற பொருளிலேயே அவர் பதில் இருந்தது.

இதைப் பழைய தயக்கம் திரும்பியதாகக் கொள்ளலாமா? அவ்வாறு தோன்றவில்லை. அதே ஆண்டுகளில் அவர் ஜயராம்பாடியில் அன்னைக்கு ஆலயம் எழுப்பி, 1923 ஏப்ரல் 19 அன்று பிரதிஷ்டை செய்தார். அன்னையை இழந்து தவித்த பக்தர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அடைக்கலமாக விளங்கினார். 1926-இல் பேலூரில் மடம் மற்றும் மிஷனின் முதல் மாநாடு கூடியபோது வரவேற்புரை நிகழ்த்தி, எதிர்ப்பு, அலட்சியம், அங்கீகாரம் என்று எந்த இயக்கமும் மூன்று நிலைகளைக் கடக்கிறது, மூன்றாவதில்தான் தளர்ச்சி புகும் என்று துறவியரை எச்சரித்தார். மேடையில் ஒரு காலத்தில் புதியவராக நின்றவர், அன்று இயக்கத்தின் மனசாட்சியாகப் பேசினார். எழுத முடியாதவராக இருந்து எழுதாமல் இருப்பதும், எழுதத் தெரிந்த பின் நிறுத்துவதும் வேறு வேறு.

மாநாட்டிற்குப் பின் அன்றாட நிர்வாகத்தைச் செயற்குழுவிடம் மெல்ல மெல்ல ஒப்படைத்துவிட்டு, தியானத்தில் நெடுநேரம் ஆழ்ந்திருக்கலானார். 1927 ஆகஸ்ட் 6 மாலை பக்கவாதம் தாக்கியது. ஆகஸ்ட் 19 அதிகாலையில், அன்னைக்காகக் கடன் வாங்கிக் கட்டிய அந்த வீட்டிலேயே உடலை நீத்தார். கங்கைக் கரையில் பேலூர் மடத்தில் அவரது திருமேனிக்கு எரியூட்டப்பட்டது. பாக்பஜாரில் அன்னையின் இல்லத்திற்குச் செல்வோர், மாடிப்படி ஏறுவதற்கு முன், வாசலை அடுத்துள்ள அந்தச் சிறிய அறையைக் காண்கின்றனர்.